கணவாய்க் கணக்கு

மூக்கு வைத்த டாடா. தொண்ணூற்றியொன்று மாடல்.
கூடல்நகர் கூட்ஸ் ஷெட்டில் சிமெண்ட் ஏற்றி
செக்கானூரணி, கருமாத்தூர், செல்லம்பட்டி தாண்டி
உசிலம்பட்டிச் சந்தை நெரிசலில்
ஒரு மணி நேரம் உறுமிக்கொண்டே நின்றாலும்
முள் அசையாது.
ஆண்டிபட்டிக் கணவாய் ஏறினால்தான்
சிவப்பில் போய் ஒட்டிக்கொள்ளும்.

பழங்காநத்தத்தில் ஒருவர்
தெர்மோஸ்டாட்டைக் கழற்றி
"மதுரை வெயிலுக்கு இது எதுக்குத்தா?" என்று
பழைய போல்ட் டப்பாவில் போட்டார்.
அடுத்தவர் ரேடியேட்டரை இறக்கிக் கம்பி விட்டுக் குத்தினார்.
காறை ஒரு படி விழுந்தது,
என் தோடும் அடகுக் கடையில் விழுந்தது.
மூன்றாமவர் வாட்டர் பம்ப்பை மாற்றினார்.
புதுப் பம்ப் அருமையாக உறிஞ்சும் என்றார்.
அது பொய்யில்லை.
நான்காவது சிக்கந்தர் பாய், பெரிய கை.
ஹெட் கேஸ்கெட் போயிருச்சு,
இஞ்சினைப் பிரிக்கணும், முப்பதாயிரம்.

ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன்.
கறுப்பு.
தண்ணீர் கலந்திருந்தால் பால்காப்பி நிறம் வரும்.
இதுவும் பாய் சொன்னதுதான்,
போன மாதம், வேறொரு வண்டிக்காரரிடம்.

வீட்டுக்காரர் பேரை நான் சொல்வதில்லை.
கணக்கு நோட்டில் மட்டும் எழுதுவேன்:
ஒச்சு, டீ, பன்னிரண்டு.
ஒச்சு, பஞ்சர், இருநூறு.
இடப்பக்கம் பணம்.
வலப்பக்கம் வண்டி குடித்த தண்ணீர்.

கணவாய், இரண்டாவது வளைவு, உச்சிவெயில்: ரெண்டு குடம்.
அதே வளைவு, ராத்திரி பதினொன்று, மழை: ரெண்டு குடம்.
ரிங்ரோடு, வெறும் வண்டி, விரட்டியது: ஒரு குடம்.
உசிலம்பட்டிச் சந்தை, முழு லோடு, நின்றது: இல்லை.

அன்றைக்கு அரிசி உலையில் கிடக்க
அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன்.
வெயில் இல்லை. பாரமும் இல்லை.
இஞ்சின் விரைந்து சுற்றும்போது மட்டும்
என்னவோ நடக்கிறது.
நாலு பேரும் நிறுத்திவிட்டுப் பார்த்தவர்கள்.

ராத்திரி, கருமாத்தூரில், எங்கள் வாசல்.
பத்து வருசத்தில் முதல் முறையாக
டிரைவர் சீட்டில் நான்.
பானெட் திறந்து கண்ணாடியை மறைத்துவிட்டது.
அவர் குரல் மட்டும் வந்தது.
மிதி.
இன்னும்.
இன்னும் மிதி, தகரம் அதிரட்டும்.
தெரு நாய்கள் எழுந்தன.
எதிர்வீட்டு மாயக்காள் விளக்கைப் போட்டு
வைதுவிட்டு விளக்கை அணைத்தாள்.

பிறகு அவர் குரல் நின்றுபோனது.
கையைக் கிய்யை விட்டுவிட்டாரோ என்று காலை எடுத்தேன்.
"ஏ, விடாதே! போச்சு பாரு."
என்ன போச்சு?
"இப்பத் தெரியாது. மறுபடி மிதி."

அப்புறம் அவர் மிதிக்க, நான் டார்ச்சைப் பிடித்தேன்.
கீழ் ஹோஸ்.
முன்னங்கை மொத்தம், வெளியே ஒரு கீறல் இல்லை.
சத்தம் ஏற ஏற
நடுவில் ஒடுங்கி, தட்டையாகி
ஈரத்தில் ஊறிய காகிதக் குழலில்
இளநீரை இழுத்தால் ஒட்டிக்கொள்ளுமே, அப்படி.
சத்தம் தணிந்ததும் மெல்ல உப்பி
உருண்டையாகி
ஒன்றும் அறியாத முகம் காட்டியது.

காலையில் அறுத்துப் பார்த்தால்
உள்ளே தாங்க வேண்டிய சுருள்கம்பி
துருப்பொடியாக உள்ளங்கையில் கொட்டியது.
புது ஹோஸ், ரெண்டு கிளாம்ப்: நானூற்று எண்பது.

கணவாய், இரண்டாவது வளைவு, முழு லோடு: இல்லை.
கணவாய்: இல்லை.
கணவாய்: இல்லை.
சிக்கந்தர் பாய் நோட்டை வாங்கிப் பார்த்தார்,
தாடியைச் சொறிந்தார், டீ சொன்னார்.
அந்த டீயை நான் எழுதவில்லை.

வலப்பக்கம் இப்போது காலியாகக் கிடக்கிறது.
தோட்டுக்கான வட்டியை அங்கே எழுதுகிறேன்.
அது மட்டும்
வண்டி நின்றாலும் ஏறுகிறது.