பதினாறாவது ஷீட்

தாலி முடிச்சு விழுவதற்கு முன் நின்றுவிடும்.
மாப்பிள்ளை கை அந்தரத்தில்,
அட்சதை பாதி வழியில்,
பிறகு நீலம், பிறகு கறுப்பு,
பிறகு விசிறிகள் மட்டும் சுற்றும்
யாருக்கும் எதுவும் ஆகாததுபோல.

அம்மாபேட்டை, மாடிப் போர்ஷன், மே மாதம்.
பாகம் பாகமாய் வாங்கி
நானே பூட்டிய கம்ப்யூட்டர்.
நகைச்சீட்டு முதிர்ந்த பணம்.
நகை எங்கே என்று மாமியார் கேட்டிருந்தால்
கிராஃபிக்ஸ் கார்டைக் காட்டியிருப்பேன்.

முதல் நாளே ஏழு முறை விழுந்தது.
காலண்டர் தாளின் முதுகில் எழுதி வைத்தேன்:
மணி, சூடு, எந்த ஷீட்.
ராமைக் கழற்றி அதன் பொன்விளிம்பை
மகனின் ரப்பரால் தேய்த்தேன்.
ஒன்றை மட்டும் மாட்டினேன், பிறகு மற்றதை மட்டும்.
ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடி
விடியலில் பிழை பூஜ்யம் என்றது.
இத்தனை ஏமாற்றிய நல்ல செய்தியை
அதற்குமுன் கேட்டதில்லை.

"விண்டோஸ் மாத்திப் போடுங்கக்கா"
என்றார் ஐந்து ரோடு கடைக்காரர்.
புது விண்டோஸும்
பழைய இடத்திலேயே தடுக்கி விழுந்தது.
"அப்ப சூடாத்தான் இருக்கும்."
மே மாதச் சேலத்தில் எதுதான் சூடில்லை?
பக்கத்தகடைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன்.
அறுபத்திரண்டு டிகிரி. அதன்மீதும் குற்றமில்லை.

கீழ்வீட்டு விசைத்தறியைச் சந்தேகித்தேன்.
ஞாயிறு தறிக்கு லீவு.
கம்ப்யூட்டர் லீவெடுக்காமல் விழுந்தது.

பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு
ஏற்காடு பஸ் ஏறினேன்.
இருபது கொண்டை ஊசி வளைவு.
ஒவ்வொரு வளைவிலும்
உள்ளே ஏதோ கழன்ற சத்தம், அல்லது என் பயம்.
"கோழியாம்மா?" என்றார் பக்கத்து சீட்காரர்.
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜெசிந்தாவின் ஹாஸ்டல் வார்டன் அறையில்
மூன்று நாள், இரவும் பகலும் சோதனை ஓட்டம்.
ஒரு தடவைகூட விழவில்லை.
ஆல்பம் இருந்த டிஸ்க்கை வீட்டிலேயே மறந்திருந்தேன்.
வேலை இல்லாத ஊரில்
யார்தான் நன்றாக இருக்கமாட்டார்கள்?

இறங்கி வந்தேன். பத்தே நிமிடம். நீலம்.

அன்று குளித்த ஈரக்காலோடு
கேபினெட்டைத் தொட்டபோது
விரலில் எறும்பு ஊர்ந்தது.

பச்சியப்பன் மீட்டரின் ஒரு முனையை நியூட்ரலிலும்
மறு முனையை எர்த்திலும் வைத்தார்.
நாற்பத்தொரு வோல்ட்.
"எர்த்து செத்துப்போச்சுங்க" என்றார்
துக்கம் சொல்கிற குரலில்.
ஸ்கூட்டர் நிற்கும் இடத்தில்
வீடு கட்டியதிலிருந்து திறக்காத சிமெண்ட் மூடி.
உள்ளே துருவேறிய குழாய், பொடிமண்,
பல்லி முட்டை ஓடு இரண்டு.
உப்பும் அடுப்புக்கரியும் கொட்டி
நாலு குடம் ஊற்றினோம்.
மண் சத்தம் போட்டுக் குடித்தது.

அது குடிக்கும் நேரம் சும்மா இருப்பானேன் என்று
மதர்போர்டைக் கழற்றினேன்.
அடியில், துளையே இல்லாத இடத்தில்,
போர்டின் முதுகைத் தொட்டபடி
ஒரு பித்தளைக் கால்.
நான் திருகியதுதான்.
எடுத்தேன்.

அதன்பின் விழவில்லை.
தண்ணீரா, பித்தளையா?
ஒரே சாயங்காலத்தில் இரண்டையும் சரிசெய்தவளுக்கு
பதில் கிடைக்காது.
மலைக்குளிரில் பித்தளை சுருங்கியிருக்குமோ என்று
எனக்கு எதிராக நானே வாதாடிப் பார்த்தேன்.
வீட்டில் எர்த் கதையை மட்டும் சொன்னேன்.
"பார்த்தியா, கரண்டு கோளாறு" என்றார் அவர்.
ஆமாம் என்றேன், பஸ்ஸில் சொன்ன அதே ஆமாம்.

பதினாறாவது ஷீட்டில் மூன்று முடிச்சும் விழுந்தது.
ஆல்பம் வாங்க வந்த பெண்ணுக்கு ஆறு மாசம்;
படியேறி மூச்சு வாங்கினாள்.
தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் குழிக்கு ஒரு குடம்.
எதிர்வீட்டுக் கோமளம்
அங்கே என்ன சாமி என்கிறாள்.

ஊசி டப்பாவுக்குள் கிடக்கிறது அந்தப் பித்தளைக் கால்.
கீழே தறி ஓடும்போதெல்லாம்
டப்பா மட்டும் லேசாய்க் கிணுகிணுக்கும்.