திருத்தம்

நேற்று மாலைச் செய்தியில்
கவிழ்ந்த படகில் செத்தவர் பதினோரு பேர் என்று வாசித்தேன்.
ஒன்பது பேர்.
இரண்டு பேர் ஏறவே இல்லை.
ஒருத்திக்குக் கூலியில் ஐந்நூறு குவாச்சா குறைந்தது,
ஒருவன் மறந்த சட்டைக்காக வீட்டுக்கு ஓடினான்.
தவறு என்னுடையது.
பயணிகள் பட்டியலை எண்ணினேன்,
பயணிகளை எண்ணவில்லை.

இது எளிய திருத்தம்.

அடுத்தது என்னால் ஆகாதது.
இரவு ஒன்பது மணிக்கு என் குரல்
நான் இல்லாமல் மலாவி ஏரிக்கரை முழுக்க நடந்திருக்கிறது,
கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்கு.
நாற்பது பேர் என்றது.
அக்கரையிலிருந்து வந்து வலை வீசுகிறார்களே, அவர்கள்தாம்
வேண்டுமென்றே கவிழ்த்தார்கள் என்றது.
செய்திக்கும் வானிலைக்கும் நடுவே
நான் எச்சில் விழுங்கும் ஓசைகூட இருந்தது அதில்.
பக்கத்தில் படுத்திருந்த என் கணவன்
கைப்பேசியையும் என் வாயையும்
மாறி மாறிப் பார்த்தான்.

உலைவாய்க்காவது ஒரு மூடி உண்டு.
ஊர்வாய்க்கு
என் வாயையே எடுத்துப் பொருத்திவிட்டார்கள்.

விடியுமுன் மூன்று குடிசைகள் எரிந்தன.
மூன்று. நானே போய் எண்ணினேன், கூரை புகைந்துகொண்டிருந்தது.
உயிர்ச்சேதம் இல்லை.
ஒரு வலை, இரண்டு ஆடு, ஒரு பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ்.
குடியிருந்தவர்கள் மலைப்பக்கம் ஓடியிருந்தார்கள்.

எங்கள் நிலையம் ஒரே அறை.
சுவரெல்லாம் முட்டை அட்டை, மூலையில் லாரி பேட்டரி.
வாட்சன் மான்டா கம்பியைச் சுரண்டியபடி சொன்னான்:
"நான்தான் லுசுங்கு லோங்வே என்று ஆரம்பிக்காதே.
அதுவும் அப்படித்தான் ஆரம்பித்தது."

ஆறு மணி.
பெயர் சொல்லவில்லை.
ம்வேரா காற்று எழும்பிவிட்டது, சன்னலைத் திறந்து பாருங்கள் என்றேன்.
துறையில் ஒரு வாளி உசிப்பா மீன் நாலாயிரம்.
அஞ்சலக மதிலோரம் சிவப்பு லாரி அச்சு முறிந்து நிற்கிறது,
அடியில் ஓட்டுநர் தூங்குகிறான், எழுப்பாதீர்கள்.
நான் சொன்னது பொய்யென்றால்
நாலடி நடந்து நீங்களே பிடித்துவிடலாம்.
அப்படிப்பட்டவற்றை மட்டும் சொன்னேன்.

பிறகு பெயர்கள். மெதுவாக.
எந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டேன் என்பதோடு.
எட்டுப் பெயர்கள்.
ஒன்பதாவது பெண் யாரென்று தெரியவில்லை, பச்சைச் சிட்டெஞ்சே கட்டியிருந்தாள்.
தெரியவில்லை என்று சொல்லிவிட்டு
ஒரு மூச்சு சும்மா இருந்தேன்.
நேற்றைய குரலுக்கு எல்லாமே தெரிந்திருந்தது.

"காற்று, மீன் விலை, இதையெல்லாம்
அடுத்த மழைக்குள் அதுவும் கற்றுவிடும்" என்றான் வாட்சன்.
கற்கட்டும். எட்டு வீடு நடந்த செருப்பு
வாசலில் சேறாகக் கிடந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழேகாலுக்கு ஓர் அழைப்பு. அக்கரை உச்சரிப்பு.
பச்சைத் துணி என் தங்கை என்றாள்.
தெல்ஃபினா.
இடது மணிக்கட்டில் எண்ணெய் சுட்ட தழும்பு இருக்கும்.
தழும்பைப் பற்றி நான் வாசிக்கவில்லை,
வேண்டுமென்றே விட்டிருந்தேன்.
எங்கிருந்து பேசுகிறாய் என்று கேட்க வாயெடுத்தேன்.
பின்னால் ஆடு கத்தியது. கேட்கவில்லை.

எட்டு மணிக்கு வாசலில் ஒருவன்.
"நாற்பது என்றது நீ இல்லையா?"
இல்லை.
"பதினொன்று என்றது?"
நான்தான்.
"அப்படியானால் சரி" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.
அவன் கைகளில் மண்ணெண்ணெய் வாடை.

மதியச் செய்திக்கு நாலு மணி நேரம்.
பேட்டரி பாதி.
ஒன்பதாவது பெயர் என் தாளில் இருக்கிறது.
அதை அவனிடம் முதலில் சொல்வதா,
அவன் பெயரை முதலில் கேட்பதா?
பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டேன்.