மூன்று வார மூக்கு

கென்ட் நகரில் மூக்கு விற்கிறார்கள்.
ஊதா நிறம், கூம்பு வடிவம்,
தள்ளுவண்டியில், கிலோக் கணக்கில்.
மேல்தோல் கெட்டி. உள்ளே ராஸ்பெர்ரிப் பாகு,
ஜலதோஷக்காரனின் மூக்கு மாதிரியே
ஒழுகத் தயாராக.

அரை கிலோ கேட்டேன்.
அலுவலகத்தில் பதினோரு பேர்.
அடுத்தவர் சம்பளத்தில் மூக்கை நுழைக்கிற
ஒருவருக்கு மட்டும் இரண்டு என்று
டிராமிலேயே முடிவுசெய்திருந்தேன்.

வண்டிக்காரி எடை போடவில்லை.
"எப்போது வீட்டுக்குப் போகிறாய்?"
இன்னும் லிஸ்பன் இருக்கிறது, போர்ட்டோ இருக்கிறது,
நடுவில் ஒரு கருத்தரங்கு.
விரல் விட்டு எண்ணிச் சொன்னேன்:
இருபத்தாறு நாள்.

அள்ளியதைத் திரும்பக் கொட்டிவிட்டாள்.
"மூன்று வாரம்தான் இதன் ஆயுள்.
பிறகு பாகு கல்லாகும்.
உன் ஆட்கள் கல்லைக் கடித்துவிட்டு
என் ஊரைத் திட்டுவார்கள்."

நீட்டிய காசு நீட்டியபடி இருந்தது.
அவள் பெயர் முன்சட்டையில் தைத்திருந்தது: கூடலெ.
எங்கள் பேச்சில் அதற்கு
'கைகூடவில்லை' என்று அர்த்தம் வரும்.
சொல்லவில்லை.
ஒரு மூக்கு வண்டியின் முன்னால்
மூக்கறுபட்டு நிற்பதே போதும்.

போகத் திரும்பியபோது
காகிதக் கூம்பில் மூன்றைப் போட்டு நீட்டினாள்.
"இங்கேயே, என் கண்ணெதிரே."
தூறலில், அவள் குடைக்கடியில்,
இரண்டு தின்றேன்.
சட்டைக் கையில் பாகு வழிந்தது.
மூன்றாவதை, அவள் சில்லறை எண்ணிய நேரத்தில்,
கோட்டுப் பைக்குள் விட்டேன்.

அப்புறம் கடை கடையாக ஏறினேன்.
மூத்திரம் பெய்யும் பையன்
சாவிக்கொத்தாக இருந்தான், காந்தமாக இருந்தான்,
புட்டி திறப்பானாகவும் இருந்தான்.
எந்த இடத்தைப் பிடித்துத் திறப்பது என்ற சங்கடத்தில்
அவனை அங்கேயே விட்டேன்.

லேஸ் கடைக்காரர் ரொம்ப நல்லவர்.
"இது மெஷின். இதுவும் மெஷின்.
அந்தக் குவியல் கப்பலில் வந்தது.
கண்ணாடிக்குள் இருக்கிறதே,
அது என் அண்ணி பின்னியது,
விற்பதற்கில்லை."
ஒரு நாளில் இரண்டு பேர் என் பணத்தைக்
காப்பாற்றினார்கள்.

கடுகு சிறுத்தாலும் என்பது தெரிந்த சங்கதி.
அரைத்தால்?
பீப்பாயிலிருந்து மரக்கரண்டியால்
கொஞ்சம் தொட்டுத் தந்தார் வௌட்டர்.
நாக்கைத் தாண்டி, நேரே
மூக்கின் உச்சிக்கு ஏறிக் கதவைத் தட்டியது.
அழுதேன். வாங்கினேன்.
மண்நிற ஜாடி, தக்கை மூடி,
சமூசாவோடு சாப்பிடலாம் என்று ஒரு கற்பனை.

சாவென்டம் விமான நிலையத்தில்
கடுகு திரவமாகிவிட்டது.
"இது விழுது," என்றேன்.
"விழுதும் திரவம்தான்," என்றார்
சுஃபியான் என்ற அதிகாரி.
தக்கையைத் திறந்து முகர்ந்தார்.
கண் கலங்கியது, காரத்தில்தான்.
"அம்மா இதே கடையில்தான் வாங்குவாள்."
தொட்டிக்குள் எறியவில்லை,
குனிந்து வைத்தார்.

பதினோரு பேருக்கும்
வாயில் பதினேழுக்குப் பக்கத்தில்
பிஸ்கட் டப்பா வாங்கினேன்.
மூடியில் கென்ட் நகரம்,
வெயிலோடு. வண்டி இல்லாமல்.

போர்ட்டோவில், இருபத்திரண்டாம் நாள் இரவு,
அறைச் சாவியைத் தேடிய விரலில்
அது தட்டுப்பட்டது.
நூல் ஒட்டி, ஒரு பக்கம் நசுங்கி,
உடைந்த மூக்கு.
கடித்தேன். நறுக்கென்றது.

கூடலெ, நீ சொன்னது சரி,
கல்லாகித்தான் போயிருந்தது.
ஆனால் எங்கள் ஊரில் இதற்குக்
கற்கண்டு என்று பெயர்.
கல்யாணத்தில் தட்டோடு நீட்டுவோம்.
அரை கிலோவையும் கொடுத்திருக்கலாம் நீ.