நிமிடத்துக்கு நூற்று இருபத்தெட்டு

ஒன்பது நிமிட ஒப்பாரியை
நாலாக வெட்டியிருக்கிறாள் ஹஸ்லிண்டா.
கிட்டார் போயிற்று. என் உறுமல் போயிற்று.
தேவாலய ஆர்கன் மட்டும்
பின்னால் ஈரத்துணியாகத் தொங்குகிறது.

கிளார்க் கீ, இரவு இரண்டு மணி.
இளவழகன் செத்த வாரம் நான் எழுதிய வரிகளுக்கு
யாரோ ஒரு பெண்
செருப்பைக் கையில் பிடித்தபடி குதிக்கிறாள்.

சண்டை போடத்தான் வந்தேன்.

தாளம் சட்டென்று நின்றது.
கத்துவதற்கு முன் நான் இழுத்த மூச்சு,
உட்லண்ட்ஸ் ஒத்திகை அறையின்
ஏர்கான் இரைச்சலோடு.
அதை அவள் வெட்டவில்லை.
இருட்டில் கூட்டம் மொத்தமும்
அதே மூச்சை இழுத்தது.

புளோக் கீழ்த்தளத்தில்
உறுமி அடித்துத்தானே அனுப்பினோம் அவனை,
மண்டாய்க்கு?

விழுந்தது அடி.
என் குதிகால்
என்னைக் கேட்கவில்லை.