அடையாள அணிவகுப்பு

குத்தாயிசி காவல் நிலையம்.
கண்ணாடிக்கு இப்பால் சியாலா.
வங்கிக் கவுன்டரில் அன்று நாற்பது நொடி.
துப்பாக்கியின் வாய் நினைவிருக்கிறது,
விளிம்பில் ஒரு கீறல்,
பிடித்த கையுறையில் பிரிந்து தொங்கிய பச்சை நூல்,
அது எந்தப் பக்கம் ஆடியது என்றுகூடச் சொல்வாள்.

முகம்?

பயம் விளக்கை அங்கேயே பிடித்திருந்தது,
ஒரு விரற்கடை மேலே தூக்கவில்லை.

ஆறு பேர். நான்காமவனைக் கண்டதும்
முழங்கால் ஆட்டம் கண்டது.
"இவன்தான்."
"உறுதியாகவா?"
"உடம்பே சொல்கிறதே."

எழுதிக்கொண்டார்கள்.

நான்காமவன் ரொட்டிக்கடை எல்குஜா.
ஆள் கணக்குக்காக அழைத்து வந்து நிறுத்தியிருந்தார்கள்.
கொள்ளைக்குச் சற்று முன்புதான்
அதே கவுன்டரில்
அவளிடம் சில்லறை மாற்றிக்கொண்டு போனவன்.

இன்றிரவு கனவில்
துப்பாக்கிக்கு முகம் முளைக்கும்.
மீசையில் மாவு ஒட்டியிருக்கும்.