பதினேழாம் வடிதாள்

நரினில் பயிற்சியின் ஆறாவது வாரம்.
மருத்துவமனையின் பழைய சலவை அறையில்
தராசைச் சுற்றி ஏழு பேர்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.
நுரையீரலைப் படிக்க வந்தவர்களுக்கு
முதல் பாடமே அதுதான்:
இதன் பக்கத்தில் மூச்சு விடாதே.

ஒரு கிராமைப் பத்து லட்சம் துண்டாக்கி
அதில் ஒன்றைக் கேட்டாலும் சொல்லும் தராசு.
போன வாரம் எசென்பெக் தும்மினான்.
ஒரு முற்பகலின் எண்கள் எல்லாம் போயின.

வடிதாள்கள் நாணய அளவு.
ஒரு நாள் முழுக்க ஒருவர் நெஞ்சருகே தொங்கி
மாதிரிக் காற்றைக் குடித்துத் திரும்பியவை.
ஒன்று தேநீர்க் கறை.
ஒன்று அடிப்பிடித்த பால்.
நிலக்கரி வீட்டிலிருந்து வந்தது
கரியேதான், வேறு சொல் இல்லை.

பதினேழு மட்டும்
போனபடியே வந்திருக்கிறது,
யாரும் உட்காராத நாற்காலி மாதிரி.

படிவத்தில் என் கையெழுத்து:
சைரகுல், நாற்பத்தாறு. புகைப்பதில்லை.
ஒரே அறை. ஆட்டுப் புழுக்கை வறட்டி.
சளி, நான்கு குளிர்காலமாக.
ஊதச் சொன்னபோது அவள் வரைந்த கோடு
நடுக்கம்பு முறிந்த கூடாரமாய்
உள்ளே விழுந்துகிடந்தது.

அசைவுப் பதிவைத் திறந்தோம்.
இருபத்து மூன்று மணி நேரம்
கோடு எழவே இல்லை.
"அணியவில்லை" என்றாள் தமிரா,
எங்களுக்குப் புள்ளியியல் நடத்துபவள்.
"தொண்ணூற்றொன்பது போடு. அடுத்தது."
தொண்ணூற்றொன்பது என்றால்
தகவல் இல்லை.

எனக்கு அந்த எண் செரிக்கவில்லை.
சனிக்கிழமை, முட்டை ஏற்றிப் போகும் வேனில்
முட்டைகளுக்கு நடுவே ஒடுங்கிப் போனேன்.
மலை ஏற ஏற
எனக்கே மூச்சு அரைக்கரண்டிதான் கிடைத்தது.

கேட்டதும் வெட்கத்தோடு சிரித்தாள்.
மெத்தைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள்,
பதினொன்று, அடியில் பெட்டி,
பெட்டிக்குள் மகளின் கல்யாணச் சால்வை.
"இதற்குள்தான் வைத்திருந்தேன்.
இரவல் பொருள், விலை அதிகமாம்.
அடுப்புப் பக்கம் வைத்தால்
புகையில் கெட்டுப்போகாதா?"

நான் பதில் தேடினேன்.
எங்கள் ஆய்வுத் திட்டம் அறுபத்திரண்டு பக்கம்.
அதில் கேட்டிருந்த கேள்விக்கு
விடை இவளிடம் முன்பே இருந்திருக்கிறது,
கருவிக்கு மட்டும்
அதைப் பயன்படுத்தியிருக்கிறாள்.

பிறகு என்னை உட்காரவைத்து
தேநீருக்கு அடுப்பைக் கிளறினாள்.
விருந்தாளி என்பதால்
வழக்கத்துக்கு மேல் இரண்டு வறட்டி.
புகை தாழ்ந்து வந்து
என் கோட்டுக்குள் புகுந்தது.
அவள் இருமினாள். எண்ணினேன்.
வேண்டாமென்று நினைத்தும்
விரல்கள் மடியில் மடங்கிக்கொண்டே போயின.

திங்கள்கிழமை நான் சொன்னதும்
தமிரா பேனாவை மூடிவைத்தாள்.
யாரும் சிரிக்கவில்லை, எசென்பெக்கும்கூட.
அன்று தராசைத் தொடவில்லை.
வீட்டாருக்குச் சொல்லவேண்டிய ஒற்றை வரிக்காக
மதியம் வரை சண்டை:
"இதைப் பத்திரமாக வைக்காதீர்கள்" என்றால்
அவமானமாக எடுத்துக்கொள்வார்கள் என்றான் ஒருவன்.
"எப்போதும் அணியுங்கள்" என்று
முன்பே அச்சிட்டிருக்கிறோம், பயன் என்ன?
கடைசியில் நின்ற வரி:
இது அழுக்காகத்தான் வந்திருக்கிறது,
அழுக்காக்கி அனுப்புங்கள்.

பதினேழு அ, அடுத்த புதன் திரும்பியது.
நிறத்தைச் சொல்ல வேண்டியதில்லை.
தமிரா எண்ணை வாசித்தாள், எழுதிக்கொண்டேன்.

அந்தக் கூடுதல் இரண்டு வறட்டி,
நான் குடித்த மூன்று கோப்பை:
அதற்கான கட்டத்தைப்
படிவத்தில் இன்னும் தேடுகிறேன்.