எழுபதாம் நாள்

குவோபியோவில் ஜனவரி.
ஒன்பதரைக்கு மேல்தான் வெளுக்கிறது.
அதற்குள் நூற்றிருபது சுண்டெலிகளுக்கும்
தீனி நிறுத்துப் போட்டுவிடுகிறேன்.

பிறக்கும்போதே குடலில்
கட்டிக்கு விதை வாங்கி வந்தவை எல்லாம்.
இடப்பக்க வரிசைக்குத் தவிட்டு நிற உருண்டை.
வலப்பக்கத்துக்குப் புவோலுக்கா கலந்தது:
செப்டம்பரில் பைன் மரத்தடியில்
என் தம்பி யூஹா இரும்புச் சீப்பால் வாரிய
சின்னச் செம்பழம்.
உறையவைத்து, உலர்த்தி, பொடித்து,
நூற்றுக்குப் பத்துப் பங்கு.

கடும் துவர்ப்பு.
இரண்டு நாள் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டன.
பிறகு புழுக்கை சிவந்தது.

நாற்பத்தேழுக்கு இடக்காதில் இரண்டு வெட்டு.
கையுறையைத் தாண்டிக் கடிக்கும்.
எனக்கு அதைப் பிடிக்காது.

எழுபதாம் நாள் வாயுப் பெட்டி.
குடலை நீளவாக்கில் பிளந்து
வடிதாளில் விரித்து
நீலச் சாயம் ஊற்றி
உருப்பெருக்கிக்குக் கீழே எண்ணுகிறேன்.
எது எதனுடையது என்று சைமிக்கு மட்டும் தெரியும்;
தாளில் அவள் போட்ட ரகசியக் குறி.

அறுபத்தொன்று. ஐம்பத்தெட்டு. எழுபது.
மதியச் சாப்பாடு. அறுபத்தாறு.
ஒன்பது.

மறுபடி எண்ணினேன்.
சைமியைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன்.
ஒன்பதுதான்.
மடிப்பு மடிப்பாய், துவைத்த துணிபோல,
சும்மா இருந்தது குடல்.
விட்டிருந்தால் இன்னும் எத்தனை நாள்
கடித்துக்கொண்டு திரிந்திருக்கும்.
விட்டிருந்தால்
எனக்குத் தெரிந்திருக்காது.

வெள்ளிக்கிழமை குறிகளைத் திறந்தார்கள்.
ஒன்பது, நாற்பத்தேழுடையது.
அதே கூண்டில், அதே தீனியில்
ஐம்பத்திரண்டுக்கு எழுபத்துமூன்று.
பேராசிரியர் சராசரி போட்டார்.
'ஓரளவு குறைந்தது' என்று எழுதினார்.
'ஓரளவு' என்பதை அடித்தார்.
வீட்டுக்குக் கிளம்புமுன் திரும்பச் சேர்த்தார்.

இரவு யூஹா பேசினான்:
அப்ப வாளியில 'புற்றுநோய் தடுக்கும்'னு
சீட்டு ஒட்டலாமா?
எலி தின்றதை உன் எடைக்குக் கணக்குப் போட்டால்
தினம் ஒரு வாளி, என்றேன்.
சர்க்கரை போட்டா, போடாமலா?

திங்கள் காலை கூண்டு கழுவினேன்.
மரத்தூளுக்கு அடியில், மூலையில்,
யாரோ சேர்த்துவைத்த குவியல்:
சிவப்பு உருண்டைகள், பல் படாதவை.
நாற்பத்தேழா, ஐம்பத்திரண்டா,
மற்ற மூன்றில் ஒன்றா,
கேட்க எதுவும் மிச்சமில்லை.

நிறுத்தேன். பதினெட்டு கிராம்.
தேதி போட்டுக் குறித்துவைத்தேன்.
வெளியே இன்னும் வெளுக்கவில்லை.